சர்க்கரையை எழுதியவர்கள் சேரியை எழுதவில்லை

2020ஆம் வருடம் ஏப்ரலில் தொடங்கி, சாயங்காலமானால் தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறை ஓர் அறிக்கை விடும். அன்றன்று கொரோனாவில் செத்தவர்களின் விபரம் அதில் வரிசையாக இருக்கும். பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், எந்த ஆஸ்பத்திரியில் என்றைக்குச் சேர்ந்தார், என்றைக்கு உயிர் போனது. கூடவே ஒரு சேதி தவறாது: சர்க்கரை நோய் இருந்தது, ரத்தக் கொதிப்பு இருந்தது, அல்லது வேறு நோய் எதுவும் இல்லை. இந்த அளவுகூட எழுதாத மாநிலங்கள் உண்டு என்பதால் இதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்த ஆயிரக்கணக்கான வரிகளை எத்தனை தடவை படித்தாலும், செத்தவர் ஊரில் குடியிருந்தவரா, சேரியில் குடியிருந்தவரா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் கிடையாது. உடம்புக்குள் இருந்த சர்க்கரையை எழுதினார்கள். அந்த உடம்பு எங்கே குடியிருந்தது என்பதை எழுதவில்லை.

நூறு வருடத்துக்கு முன்னால் அதை எழுதியிருக்கிறார்கள். 1918ல் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் பம்பாய் நகரத்தில் ஆடியபோது நகர சுகாதார அதிகாரி சாதிவாரியாகக் கணக்கு வைத்தார். ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்ற கணக்கு அது. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. சாதி இந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என்று அவர்கள் எழுதி வைத்திருக்கும் நம் ஜனங்கள் 61.6. சாதி இந்துவுக்கு ஒரு சாவு என்றால் நமக்கு மூன்றுக்கும் மேல். அதே வருடம் நவம்பரில், அதே பம்பாயில்தான் அம்பேத்கர் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியராக வேலையில் சேர்ந்தார். வெள்ளைக்காரன் நம்மேல் பாசம் வைத்து அந்தக் கணக்கை எழுதவில்லை. ஜனங்களைச் சாதியாகப் பிரித்து அடுக்கி ஆள்வது அவன் நிர்வாகப் பழக்கம். இருந்தாலும் எழுதினான். எழுதியதால்தான் கொள்ளைநோய் எல்லோரையும் சமமாகப் பார்க்கும் என்ற பொய்யை இன்றைக்கு நாம் ஒரே வரியில் உடைக்க முடிகிறது.

இந்தக் கணக்கு விவகாரத்தைக் கட்டுமாவடியில் நின்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடக்கு முனை அது. அதைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். மீன் சந்தைக்குப் பேர் போன ஊர். வெளியூர் வியாபாரிக்கு அந்தச் சந்தை தெரியும், மணமேல்குடி வட்டம் தெரியும். வயல் வேலைக்கும் கருவை வெட்டவும் போகிற சேரிப் பொம்பளைகளை அவனுக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் அறந்தாங்கிக்குப் போகணும், அதுவே இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. அதற்கும் மேலே என்றால் புதுக்கோட்டை. அது இன்னும் அவ்வளவு தூரம்.

புதுக்கோட்டை மாவட்டம் என்பதே 1974 ஜனவரி 14ல் உண்டானது. அதற்கு முன் அறந்தாங்கிப் பக்கம் முழுக்கத் தஞ்சாவூர் ஜில்லா. 1918ல் புதுக்கோட்டை தனி சமஸ்தானம், கட்டுமாவடி வெள்ளைக்காரச் சீமை. இந்த எல்லைக்கோடு பின்னால் நம் கதையில் வரும்.

1918 ஜூனில் பம்பாயில் இறங்கிய காய்ச்சல் ரயில் போன பாதையெல்லாம் போனது. செப்டம்பரில் வந்த இரண்டாவது அலைதான் கொன்றது. அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. உலக யுத்தத்தால் அரிசி விலை ஏறிக் கிடந்தது. சென்னையில் செப்டம்பரில் தானியக் கடைகளைச் சூறையாடும் அளவுக்குப் போனது. இந்தியா முழுக்கச் செத்தவர் ஒரு கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடி வரை என்று பலவிதமாகக் கணக்குச் சொல்கிறார்கள். 1921 சென்சஸில் பத்து வருடத்து ஜனத்தொகை கூடுவதற்குப் பதில் குறைந்து நின்றது. மதராஸ் மாகாணம் பம்பாய் அளவுக்கு அடிபடவில்லை. ஆனால் எங்கும் ஒரு விஷயம் ஒன்றாக இருந்தது. இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்கள் அதிகம் செத்தார்கள், அதிலும் பெண்கள் அதிகம் செத்தார்கள். காய்ச்சல்காரனைப் பார்த்துக்கொண்டவள் அவள். மிஞ்சிய கஞ்சியைக் குடித்தவளும் அவள். வயிற்றில் பிள்ளை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

சொல்லவே வேண்டாம் என்று விட்டுவிடாமல் அமெரிக்காவில் ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவர் 1,350 கர்ப்பிணிகளின் விபரத்தைத் திரட்டி 1919ல் எழுதினார். காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 27 பேர் செத்திருந்தார்கள். நிமோனியா ஆனவர்களில் பாதிப் பேர். காரணம் இன்றைக்குத் தெரிந்ததுதான். மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பை நெஞ்சை மேலே தள்ளுகிறது, நுரையீரலுக்கு இடம் குறைகிறது, இருதயம் இரண்டு உயிருக்கு வேலை செய்கிறது. பிள்ளையை வெளியாள் என்று எண்ணித் தள்ளிவிடாமல் இருக்க உடம்பு தன் எதிர்ப்புச் சக்தியை மாற்றி வைத்துக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து வைரஸ் நுழைந்தால் தாங்காது.

நம் பக்கத்தில் அப்போது கர்ப்பிணிக்கு ஆஸ்பத்திரி எங்கே இருந்தது? சென்னையில் மேரி ஷார்லீப் 1885ல் தொடங்கிய ஆஸ்பத்திரியின் பெயரைக் கேளுங்கள்: ‘சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை’. கோஷா என்றால் பர்தா. இன்றைக்கும் திருவல்லிக்கேணியில் ஜனங்கள் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். பலகையில் கஸ்தூரிபா காந்தி பெயர் இருக்கிறது. முன்னால் இருந்த ‘சாதி’ என்ற சொல் பேச்சிலிருந்து மெதுவாகக் கழன்றுகொண்டது, யாரும் கேட்கவில்லை. ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பெயர் வைக்கும்போதே யாருடைய கர்ப்பம் கர்ப்பம் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். பொதுச் சாலை, கிணறு, குளம், அரசுக் கட்டடம் எல்லாம் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்று ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924 ஆகஸ்டில். அதாவது கொள்ளைநோய் வந்துபோய் ஆறு வருடம் கழித்து! 1918ல் சேரிக் கர்ப்பிணி ஒருத்தி டிஸ்பென்சரி வாசல்வரை பொதுத்தெருவில் நடந்து போவதற்கே சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. அவளுக்கு இருந்தது மருத்துவச்சி. தொப்புள்கொடி அறுத்தது தீட்டென்று ஒதுக்கப்பட்ட கை. அந்தக் கைக்குத் தெரிந்த வைத்தியத்தை மருத்துவ வரலாறு எழுதிய யாரும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

சர்க்கரை நோயாளி 1918ல் எங்கே இருந்தார் என்று தேடினால் சேரியில் கிடைக்கமாட்டார். இன்சுலின் கண்டுபிடித்தது 1921ல், முதல் மனிதருக்குப் போட்டது 1922 ஜனவரியில். அதற்கு முன் சிறு வயதில் சர்க்கரை வந்தால் சாவுதான். பெரிய வயதில் வந்தால் அது நெய்யும் பருப்பும் தின்று உட்கார்ந்திருப்பவன் நோய், ‘பணக்கார வியாதி’. நம்மில் யாருக்காவது இருந்திருந்தாலும் பார்த்துச் சொல்ல ஆளில்லை. இந்த நினைப்பை உடைத்த உடம்பு அம்பேத்கருடையது. நீண்டகாலம் சர்க்கரை நோயோடு இருந்தார். இன்சுலின் போட்டுக்கொண்டார். கால் நரம்பு வலியோடு அரசியல் சட்ட வேலை பார்த்தார். வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் அறிமுகமான டாக்டர் சாரதா கபீரை 1948 ஏப்ரலில் மணந்தார். சவிதா அம்பேத்கர் என்று நமக்குத் தெரிந்தவர் அவர். பிரசவ காலத்தில் பெண் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஓய்வு வேண்டும் என்ற மசோதாவை ஆதரித்து 1928ல் பம்பாய் சட்டசபையில் பேசியவரும் அவர்தான். அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நிலைத்தது யஷ்வந்த் ஒருவர்தான்.

அப்புறம் 1957. அம்பேத்கர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆசியக் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்ததே நம் வாசல் வழியாகத்தான். மே மாதம் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பலோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. பதிவானது 44 லட்சத்துக்கும் மேல், சாவு ஆயிரத்துச் சொச்சம். 1918 மாதிரி இல்லை. ஆனால் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் அந்தக் காய்ச்சலில் செத்த பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகள் என்று எழுதி வைத்தார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை.

இதற்கிடையில் சர்க்கரை சேரிக்குள் வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது, நம் ஆட்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கரும் பூனாவில் யாஜ்னிக்கும் சொன்னது: தாய் பட்டினி கிடந்தால் வயிற்றுப் பிள்ளை கிடைத்ததை மிச்சம் பிடித்து வாழப் பழகுகிறது. எடை குறைவாகப் பிறக்கிறது. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. பின்னால் வயிறு நிறையப் பச்சரிசியோ ரேஷன் அரிசியோ தின்ன ஆரம்பித்தால் அந்த உடம்புக்குச் சர்க்கரை வந்துவிடும். தலைமுறை தலைமுறையாகக் கூழுக்கு நின்ற ஜனத்துக்கு இந்த நோய் பட்டினி போட்ட வட்டி. பணக்கார வியாதி என்ற பேச்சை இனியாவது விடணும்.

அது கர்ப்பிணியையும் விடவில்லை. சென்னையில் டாக்டர் வி.சேஷையா குழுவினர் 2005 தொடங்கிப் பார்த்த கணக்கில் கர்ப்பகாலச் சர்க்கரை நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கு, கிராமத்தில் 9.9 பேருக்கு. கிராமத்தில் பத்துக்கு ஒருத்தி. அதன் பிறகுதான் 2007ல் எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது. சோதனை சுலபமானது. வெறும் வயிறோ சாப்பிட்ட வயிறோ, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கணும். ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் 140க்குக் கீழே இருக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொம்பளைகள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்களே, அந்த ரெண்டு மணி நேரம்தான் இது. கர்ப்பிணியும் சர்க்கரை நோயாளியும் இரண்டு பேர் என்று நினைக்கிறோம். பல நேரம் ஒரே ஆள்.

இந்த ரெண்டு நிலைமைக்கும் வைத்தியம் என்பது ஓர் ஊசியோ ஓர் ஆபரேஷனோ இல்லை. முறை தவறாமல் போய்வருவதுதான் வைத்தியம். மாதா மாதம் எடை, பிரஷர், சர்க்கரை, இரும்புச்சத்து மாத்திரை. சர்க்கரைக்காரருக்கு மாதா மாதம் மாத்திரை, பாதம், கண். 2020 மார்ச் 24 சாயங்காலம் ‘வீட்டிலேயே இரு’ என்று சொன்னபோது அறுந்தது அந்தப் போக்குவரத்து. பஸ் நின்றது. ஜூன் 1ல் கொஞ்சம் ஓடியது, ஜூலையில் மறுபடி நின்றது, செப்டம்பரில்தான் மறுபடி வந்தது. நூறு நாள் வேலை நின்றது. ஏப்ரல் 15லிருந்து மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொள்ள, கடற்கரையை நம்பிய கைவேலையும் போனது. ‘மாத்தர தீந்துபோச்சு, பஸ்ஸு இல்ல’ – அந்த மாதங்களில் எங்க பக்கத்துச் சேரிகளில் கேட்ட பேச்சு இதுதான். சர்க்கரை, பிரஷர்காரருக்கு இரண்டு மாத மருந்தை மொத்தமாகக் கொடுங்கள் என்று அரசு சொன்னது நல்ல காரியம். சுகாதாரச் செவிலியர்கள் நடந்தும் வண்டியிலும் போய்க் கொடுத்ததும் உண்மை. அந்தப் பெண்களுக்கு யாரும் சிலை வைக்கப்போவதில்லை. ஆனால் இன்சுலினை இரண்டு மாதத்துக்குக் கொடுத்தால் எங்கே வைப்பது? பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் சின்னப் பானை வைத்துக் காப்பாற்றுவார்கள். கூரைக்கு மேலே தகரம், சித்திரை வெயில். பானை எவ்வளவு தாங்கும்?

எல்லைக்கோடு வரும் என்றேனே. கட்டுமாவடிக்காரருக்குப் பேராவூரணியும் பட்டுக்கோட்டையும் கைக்கெட்டும் ஊர். 1974 வரை ஒரே ஜில்லா. 2020ல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி என்றால் கிடைக்கும், ஆனால் கேட்க ஒரு செல்போன் வேண்டும், ஆதார் வேண்டும், எழுதத் தெரிந்த ஒரு பையன் வேண்டும். 108 வண்டிக்குத் தடையில்லை. ஆனால் 108 வலி வந்த பிறகு கூப்பிடும் வண்டி. ஐந்தாம் மாதச் சர்க்கரைச் சோதனைக்கு அது வராது.

அந்தச் சோதனையே உலகம் முழுக்கக் கேள்விக்குள்ளானது. ரெண்டு மணி நேரம் கூட்டத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று பிரிட்டனில் 2020ல் குளுக்கோஸ் சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தி, மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தச் சோதனையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களுக்கே அதில் பல பேர் தப்பிப்போனார்கள் என்று பின்னால் தெரிந்தது. நமக்கு அது கொஞ்சமும் ஒத்துவராது. ரத்தசோகை இருக்கிற உடம்பில் அந்தச் சோதனை பொய் சொல்லும். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதாவது வெள்ளைக்காரிக்கு எழுதிய மாற்று ஏற்பாட்டை இங்கே அப்படியே எடுத்தால், முதலில் ஏமாறுவது சோகை பிடித்த கூலிக்காரி உடம்பு.

இன்னொன்று. ‘சமூக விலகல்’ என்று ஆரம்பத்தில் பத்திரிகையெல்லாம் எழுதின. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் அந்த விலகலைப் பரம்பரையாக அனுபவித்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்! பலர் கேட்ட பிறகு ‘சமூக இடைவெளி’ ஆனது. ஓர் அறை வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை, மருமகளுக்கு எட்டாம் மாதம், மகனுக்குக் காய்ச்சல். இந்த வீட்டில் யாரை எங்கே தனிமைப்படுத்துவது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

இரண்டாவது அலை 2021ல் வந்தபோது நிலைமை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிகளையும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களையும் வைத்துப் பார்த்ததில், முதல் அலையில் தொற்று கண்டவர்களில் 14.2 சதம் பேருக்குத்தான் நோய்க்குறி இருந்தது. இரண்டாவது அலையில் 28.7. சாவு 0.7லிருந்து 5.7 சதம் ஆனது. எட்டு மடங்கு. தடுப்பூசி ஜனவரி 16லேயே தொடங்கிவிட்டது. ஆனால் தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால் போடவும் முடியாது என்றார்கள். மத்திய அரசு அனுமதி கொடுத்தது ஜூலை 2ல். அலை அடித்து ஓய்ந்த பிறகு. பாதுகாப்புக்காக ஒதுக்கினோம் என்பார்கள். ஒதுக்கி வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்வது நமக்குப் புதுசில்லை. மாநிலச் சுகாதாரத் துறைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் பிரசவ மரணம் 2021–22ல் லட்சத்துக்கு 90 வரை போய், மறுவருடம் ஐம்பது சொச்சத்துக்கு இறங்கியது.

சர்க்கரைக்காரர் கதி அதே மே மாதத்தில் கரும்பூஞ்சையாக வந்தது. மூச்சுத் திணறலுக்கு ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து, அதில் சந்தேகமில்லை. அது சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரையை மணிக்கணக்குப் பார்த்து இன்சுலின் போட ஆள் இருந்தால் பிழைக்கலாம். ஆள் இல்லாத வார்டில் பூஞ்சை கண்ணைப் பிடுங்கியது. வசதியுள்ளவர் வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டார். கூலிக்காரர் அதன் ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் ரூபாய் எண்ணணும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. கொள்ளைநோய் கற்றுக்கொடுத்ததில் உருப்படியான ஒன்று என்று அதைச் சொல்வேன். ஒன்றரை வருடம் முந்தி வந்திருக்கலாம்.

கணக்குக்கு வருகிறேன். பிரிட்டனில் 2020 மார்ச், ஏப்ரலில் கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 427 கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். 56 சதம் பேர் கறுப்பர்கள், ஆசியர்கள் முதலான சிறுபான்மையினர். நாட்டில் அவர்கள் பங்கு அதில் கொஞ்சம்தான். அது தெரிந்த கையோடு ஜூன் மாதமே அங்கே உத்தரவு போனது: அந்தப் பெண்கள் லேசாக உடம்பு சரியில்லை என்று வந்தாலும் தாமதிக்காமல் கவனியுங்கள், தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. இனத்தை எழுதினார்கள், எழுதியதால் பார்த்தார்கள், பார்த்ததால் ஓர் உத்தரவு வந்தது. இங்கே தினசரி அறிக்கையில் சாதி கிடையாது, ஆகவே சேரிக்கென்று ஓர் உத்தரவும் கிடையாது. ‘சாதி பார்க்காமல் வைத்தியம் பார்த்தோம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். வைத்தியத்தில் பார்க்க வேண்டாம், சாவில் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். சாவுக் கணக்கே சரியாக இருந்ததா என்பது தனிக் கதை. 2020 ஜூலையில் சென்னையில் மட்டும் விட்டுப்போன 444 சாவுகளை ஒரே நாளில் கூட்டிச் சேர்த்தார்கள்.

அரசிடம் தகவல் இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கர்ப்பம் பதியும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் பிக்மி எண் உண்டு, அது இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றே வாங்க முடியாது. பேறுகால உதவிக்கு, அதாவது புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 1987லிருந்து கொடுக்கும் அந்தப் பணத்துக்கு, வங்கிக் கணக்கு எண் உண்டு. சர்க்கரைக்காரருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த புத்தகம் உண்டு. சாதிச் சான்றிதழ் தாலுகா ஆபீசில் உண்டு. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க மனசு இல்லை.

நாம் பார்க்கலாம். கடற்கரைச் சேரிகளில் பல வீட்டில் தாய்சேய் நல அட்டையும் சர்க்கரைப் புத்தகமும் இன்னும் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் கட்டுமாவடியிலிருந்து தொடங்கி, 2020 மார்ச்சுக்கும் 2021 செப்டம்பருக்கும் நடுவில் அந்த அட்டைகளில் எத்தனை கட்டங்கள் எழுதாமல் இருக்கின்றன, எந்தெந்த மாதம், அந்த வீட்டில் அப்போது யார் இறந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பிக்கலாம். மேல் மூடியைக் கரையான் தின்ற பெட்டிகளை முதலில் பார்ப்பது நல்லது.